திண்ணைப் பேச்சு: ஆனியில் ஒரு புல், ஆடியில் ஒரு புல்



இந்த வாரம் நான் உங்களோடு பேச உட்கார்ந்திருப்பது சென்னையில் அல்ல. நாகர்கோவிலில், என் தமக்கை வீட்டுத் திண்ணையில். ஆனி மாதக் கடைசியில் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தேன். ஆடி பிறந்தும் இன்னும் கிளம்பின பாடில்லை. மட்டிப் பழமும், ரசவடையும், அக்காளின் பேச்சும் ஒருபக்கம் பிடித்து வைத்திருக்கின்றன. இன்னொரு பக்கம் காற்று! ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் வீட்டிலே சொல்லுகிறோமே, அந்தப் பழமொழியை உண்டாக்கியவர் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்து மனிதராகத்தான் இருக்கவேண்டும். முப்பந்தலில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள்.

நிற்க. இந்த வாரம் நான் சொல்லப் போவது விளையாட்டைப் பற்றி. "ஐயோ, விளையாட்டா! அது ஆண்பிள்ளைகள் படிக்கிற பக்கமாயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதிலே ஒரு பெண் குழந்தையின் சமாசாரம் இருக்கிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

அக்காளுக்கு ஒரு பேத்தி. வயது பதினான்கு. எட்டு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறாள். நான் வந்து இறங்கிய அன்று ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டியவள், "வாங்க சின்னப் பாட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய டென்னிஸ் மட்டையைத் தேடினேன். எப்போதும் கூடத்து ஆணியில் தொங்குவது. காணோம்.

"எட்டீ, அதை ஏன் கேக்க?" என்றாள் அக்காள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "பரண்மேல தூக்கிப் போட்டிட்டால்லா! ரெண்டு வாரமா ஒழுங்காச் சோறு உண்ணல்ல."

நடந்தது இதுதான். ஏதோ ஒரு தேர்வுக்குப் போயிருக்கிறாள். தேர்ந்தெடுக்கவில்லை. பயிற்சி கொடுப்பவர் ஒருவர், "கையிலே நயம் இருக்கிறது. ஆனால் அடியிலே பலம் இல்லை. இந்தக் காலத்து டென்னிஸுக்கு இது போதாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான்.

வீட்டிலே இரண்டு கட்சி. "போகட்டும் விடு. வெயிலில் கறுத்துப்போனது மிச்சம். இனிமேலாவது ஒழுங்காகப் படிக்கட்டும்" என்பது அக்காளின் கட்சி. அத்தான் ஒரு கட்சியிலும் சேராமல் சாய்வு நாற்காலியில் மௌனமாக இருந்தார். அவர் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைமேல் இருந்த நாட்களில் கோல்ப் ஆடிப் பழகியவர். நாலு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனில் விம்பிள்டன் இறுதி ஆட்டம். நானும் அக்காளும் பார்த்தோம். சின்னவள் பார்க்கவில்லை; ஆனால் பக்கத்து அறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். ஆட்டக்காரர் நல்ல அடி அடித்துக் கூட்டம் ஆரவாரம் செய்யும்போதெல்லாம் கதவு இன்னும் ஓர் அங்குலம் திறந்தது.

அடுத்த வாரம் ஆடி பிறந்தது. இப்போது டெலிவிஷன் அத்தான் கைக்குப் போயிற்று. 'ஓப்பன்' என்கிறார்களே, பிரிட்டிஷ் கோல்ப் போட்டி, அது ஆரம்பம். நான் பார்த்தேன். மரம் இல்லை. நிழல் இல்லை. மேடும் பள்ளமுமாக மணல் பூமி, அதன்மேல் ஒட்ட வெட்டிய புல், ஓரத்திலே கடல். காற்றிலே சட்டை படபடக்க ஒருவர் குச்சியால் பந்தைத் தட்டினார். பந்து ஆகாயத்தில் போகாமல் தரையோடு தரையாக உருண்டு, ஒரு மேட்டில் ஏறி, இறங்கி, வளைந்து, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"இதென்ன அத்தான், நம்ம கோலி விளையாட்டு மாதிரி இருக்கே!" என்றேன்.

அத்தான் சிரித்தார். "அதுதான் உண்மையான கோல்ப். போன வாரம் நீங்க பார்த்த டென்னிஸுக்கும் இதுக்கும் ஒரே கோத்திரம்" என்றார்.

டென்னிஸுக்கும் கோல்புக்கும் ஒரே கோத்திரமா? ஒன்றிலே வலை, மற்றதிலே குழி. ஒன்றிலே எதிரி முன்னால் நிற்கிறான். மற்றதிலே எதிரியே கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் விடவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லுகிறேன்.

*

முதலில் கோல்ப். ஸ்காட்லாந்திலே கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு மணல் பட்டை இருக்கும். உழவுக்கு உதவாது. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணலைக் காற்று வாரி மேடு மேடாகக் குவித்த நிலம் அது. அதற்கு 'லிங்ஸ்' என்று பெயர். நம் பக்கத்திலே சங்குத்துறை, சொத்தவிளைக் கடற்கரைகளில் மணல் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 'இராவணன் மீசை' என்று ஒரு முரட்டுப் புல் முளைத்து மணலைப் பிடித்து வைத்திருக்கிறதல்லவா? அந்த ஊரிலும் அதே வேலையைச் செய்கிற கடற்கரைப் புல் உண்டு. மேடுகளுக்கு நடுவே, தாழ்ந்த இடங்களில், மெல்லிய குட்டைப் புல் தானாக வளரும். ஆடும் முயலும் மேய்ந்து அதை ஒட்ட வெட்டி வைக்கும். அங்கேதான் ஜனங்கள் பந்தைத் தட்டி ஆட ஆரம்பித்தார்கள்.

ஸெயின்ட் ஆன்ட்ரூஸ் என்ற ஊரில் இருக்கும் பழைய திடல்தான் இவற்றில் பிரசித்தமானது. கோல்ப் என்றால் 18 குழி என்கிறார்களே, அந்தக் கணக்கே இங்கிருந்து வந்ததுதான். முன்பு 22 இருந்ததை 1764-ல் 18 ஆகக் குறைத்தார்கள். பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. அந்த நிலம் ஊர்ப் பொது நிலம். அத்தான் தம் மகனைப் பார்க்கப் போனபோது அந்த ஊருக்குப் போயிருக்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பழைய திடலில் ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் குழந்தைகளையும் நாய்களையும் அழைத்துக்கொண்டு அதிலே உலாவுகிறார்களாம்! நம் ஊர்க் கோவில் தெப்பக்குளக் கரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மணல் பூமியானபடியால் மழைத் தண்ணீர் நிற்காது. தரை கெட்டியாக இருக்கும். பந்தை உயரத் தூக்கி அடித்தால் காற்று கொண்டுபோய்விடும். விழுந்தாலும் நிற்காமல் ஓடிவிடும். ஆகவே கெட்டிக்காரர்கள் பந்தைத் தாழ்வாகத் தட்டி, தரையையே வாகனமாக்கி உருட்டுவார்கள். எந்த மேட்டில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். உள்நாட்டிலே தண்ணீர் பாய்ச்சி மெத்தைபோல் வளர்த்த திடல்களில் இந்தக் கவலை இல்லை. அங்கே பந்து ஆகாயத்திலிருந்து விழும். விழுந்த இடத்தில் உட்காரும். உலகத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் கோல்ப் திடல்கள் இருக்கின்றன. உண்மையான லிங்ஸ் சில நூறுக்குள் அடங்கிவிடும்.

*

இனி டென்னிஸ். அதன் முழுப் பெயரே 'லான் டென்னிஸ்', அதாவது புல்தரை டென்னிஸ். விம்பிள்டன் போட்டி 1877-ல் ஆரம்பமான நாள் முதல் இன்றுவரை புல்லில்தான் நடக்கிறது. அந்தப் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். நம் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும்! ஒரு காலத்தில் உலகத்தின் நான்கு பெரிய போட்டிகளில் மூன்று புல்லில் நடந்தன. அமெரிக்கர்கள் 1974-க்குப் பிறகு புல்லை விட்டார்கள். ஆஸ்திரேலியர்கள் 1987-க்குப் பிறகு விட்டார்கள். மிஞ்சி நிற்பது விம்பிள்டன் ஒன்றுதான்.

புல்லில் பட்ட பந்து என்ன செய்யும்? மண் தரையில் பட்டால் பந்து சற்றுத் தயங்கி, உயர எழும்பும். அடிக்க அவகாசம் கிடைக்கும். புல் வழவழப்பு. பந்து தயங்காது, வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் பாயும். இரண்டாவது வாரத்தில் புல் தேய்ந்து மண் தெரியும் இடங்களில் ஒரு பந்து போல இன்னொரு பந்து எழும்பாது. காற்று உண்டு, சாரல் உண்டு. மத்திய மைதானத்துக்குக் கூரை போட்டதே 2009-ல்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தரை சும்மா படுத்துக்கொண்டிருக்கவில்லை. அதுவும் ஓர் ஆட்டக்காரராகச் சேர்ந்துகொள்கிறது. இரண்டிலும் பந்து தாழ்வாகப் போகும். இரண்டிலும் நேற்றைக்கு ஒரு மாதிரி, இன்றைக்கு ஒரு மாதிரி. எவ்வளவு அழகாக அடித்தாலும் ஒரு சின்னப் புடைப்பு பந்தைத் திருப்பிவிடலாம். "இது அநியாயம்!" என்று அங்கலாய்ப்பவர் தோற்றுப்போவார். "சரி, அடுத்தது என்ன?" என்று கேட்பவர் நிலைப்பார். நமக்கு இது புதிதா, சகோதரிகளே? கேஸ் தீர்ந்துபோன வேளையில் பத்து விருந்தாளிகள் வந்து நிற்க, நாம் சமாளித்ததில்லையா?

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். கோல்ப் ஆடுகிறவர் தரையை நம்பிப் பந்தை அதிலே உருட்டுகிறார். பழைய புல்தரை டென்னிஸ்காரர் தரையை நம்பாமல் வலைக்குப் பக்கத்தில் ஓடிவந்து, பந்து கீழே படுவதற்கு முன்பே தட்டிவிடுகிறார். ஆனால் இருவரும் தரையின் குணத்தைத் தெரிந்துகொண்டுதான் அப்படிச் செய்கிறார்கள். மாமியாரின் குணமறிந்து ஒரு மருமகள் பேசுகிறாள். ஒரு மருமகள் பேசாமல் இருக்கிறாள். இரண்டும் குணமறிந்த காரியந்தானே?

இன்னொரு ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த இரண்டு தரைகளிலும் வயதுக்கு மரியாதை உண்டு. கென் ரோஸ்வால் என்ற ஆஸ்திரேலியர், உருவத்தில் சிறியவர், 1974-ல் 39 வயதில் விம்பிள்டன் இறுதி ஆட்டத்திலும், அதே வருஷம் அமெரிக்கப் புல்தரையின் இறுதி ஆட்டத்திலும் ஆடினார். டாம் வாட்ஸன் என்ற அமெரிக்கர் 2009-ல், 59 வயதில், டர்ன்பெரி என்ற லிங்ஸ் திடலில் ஓப்பன் போட்டியைக் கிட்டத்தட்ட வென்றேவிட்டார். கடைசிக் குழியில் ஓர் அடி கூடிப்போயிற்று. பிறகு நடந்த தனி ஆட்டத்தில் தோற்றார். இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகாத மனிதர்! நீள அடிக்கும் வாலிபர்கள் மத்தியிலே அவர் எப்படி நின்றார்? காற்றும் தரையும் அவருக்குப் பழக்கம். அவ்வளவுதான்.

*

பெண்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

ஸெயின்ட் ஆன்ட்ரூஸில் 1867-லேயே பெண்கள் தங்களுக்கென்று ஒரு கோல்ப் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் காலத்து நாகரிகப்படி ஒரு ஸ்திரீ மட்டையைத் தோளுக்குமேல் ஓங்குவது பண்பல்ல. ஆகவே பந்தை மெதுவாக உருட்டுகிற ஆட்டம் மட்டுந்தான் அவர்களுக்கு. அதற்கென்று மேடும் பள்ளமுமாக ஒரு திடல் கிடைத்தது. அந்த மேடுகளைப் பார்த்து அதற்கு என்ன பெயர் வந்தது தெரியுமா? 'ஹிமாலயம்'! இன்றும் அது இருக்கிறது. அந்த ஊரின் பெரிய கோல்ப் சங்கம், 1754-ல் ஆண்கள் ஆரம்பித்தது, பெண்களை அங்கத்தினராக்க வோட்டுப் போட்டது 2014-ல். கணக்குப் போட்டால் 260 வருஷம்! நாம் பொறுமைசாலிகள்தாம்.

விம்பிள்டனில் பெண்கள் ஆட்டம் 1884-ல் ஆரம்பித்தது. பதின்மூன்று பேர் கலந்துகொண்டார்கள். தரையைத் தொடும் பாவாடையுடன் ஆடி, இறுதி ஆட்டத்தில் தம் சொந்த அக்காளையே தோற்கடித்து வென்றவர் மாட் வாட்ஸன். நம் தேசத்தில் லீலா ராவ் 1934-ல் அங்கே ஓர் ஆட்டத்தில் வென்று, விம்பிள்டனில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் ஆனார். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலியப் போட்டியின் பிரதான ஆட்டத்தில் வென்றார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரிசுத் தொகை என்று விம்பிள்டன் ஏற்றுக்கொண்டது 2007-ல்.

இன்னொரு சமாசாரம். வெப்ப தேசங்களில் கோல்ப் திடலுக்கும் புல் டென்னிஸ் தளத்துக்கும் 'பெர்முடா புல்' என்று ஒன்றைப் போடுகிறார்கள். விலை கொடுத்து வாங்கிப் பதியன் வைக்கிறார்கள். அது என்ன புல் என்று விசாரித்தேன். நம் அருகம்புல்! பிள்ளையாருக்கு நாம் பறித்துப் போடுகிறோமே, சாட்சாத் அதேதான். மிதித்தாலும் சாகாது, வெட்டினாலும் தழைக்கும் என்பதால் அதற்கு இவ்வளவு மதிப்பு.

*

இதெல்லாம் அத்தானும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது சின்னவள் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் அவளைப் பார்க்காமலே, என்னைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்: "நம்ம ஊர்ல பொறந்தவர் ஒருத்தர் உண்டு, தெரியுமா?"

ராமநாதன் கிருஷ்ணன் 1937 ஏப்ரல் 11-ஆம் தேதி பிறந்தது இந்த நாகர்கோவிலில்தான். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். தந்தை டி. கே. ராமநாதன் தாமே தேர்ந்த ஆட்டக்காரர். மகனுக்கு அவரே குரு. 1953-ல் விம்பிள்டன் சிறுவர் இறுதி ஆட்டத்தில் மகன் தோற்றார். அடுத்த வருஷம் திரும்பப் போய் வென்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை முதன் முதலில் வென்றவர் அவர். அன்று அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர், 1958-ல் பெரியவர்கள் பட்டத்தையே வென்றவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1960-லும் 1961-லும் கிருஷ்ணன் அரை இறுதி வரை போனார். முதல் தடவை நீல் பிரேஸரிடம் தோற்றார்; அடுத்த தடவை ராட் லேவரிடம். அந்தந்த வருஷத்துச் சாம்பியன்களும் அவர்களே. 1961-ல் அரை இறுதிக்குப் போகும் வழியில் அவர் தோற்கடித்தது ராய் எமர்ஸனை. 1966-ல் கல்கத்தா புல்தரையில் பிரேஸிலுடன் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டம் இன்றும் பேசப்படுவது. இரு தரப்பும் இரண்டிரண்டு ஆட்டங்கள் வென்று சமமாக இருந்தன. கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் காக்குக்கும். கிருஷ்ணன் ஒரு செட்டுக்கு இரண்டு என்று பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்று இருந்தார். அங்கிருந்து மீண்டு வென்றார்! இந்தியா முதன் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குப் போயிற்று. ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றாலும், அந்த ஒன்றும் இரட்டையர் ஆட்டத்தில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து வென்றது.

"அவர் பெரிய பலசாலியா பாட்டா?" என்று கேட்டாள் சின்னவள். இரண்டு வாரத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லை மக்கா. அவர் போட்ட முதல் பந்து ரொம்ப மெதுவு. ஆனால் புல்லிலே மெதுவான பந்து எழும்பாது பாத்துக்க. எதிராளி குனிஞ்சுல்லா எடுக்கணும்! வேகத்தை அவனுக்குக் கடன் கொடுக்கவே மாட்டார்" என்றார் அத்தான்.

பந்து எங்கே விழவேண்டும் என்று நினைத்தாரோ அங்கே விழும். பந்து தரையில் பட்டு எழும் அந்தக் கணத்திலேயே மட்டையைக் கொடுத்துத் திருப்பிவிடுவார். அதைத் 'தொட்டாடும் டென்னிஸ்' என்று வெளிநாட்டாரும் புகழ்ந்தார்கள். அவருடைய மகன் ரமேஷ், 1979-ல் தந்தை வென்ற அதே சிறுவர் பட்டத்தை வென்றார். இருபத்தைந்து வருஷ இடைவெளி. வீட்டிலே அதே நயம். 1986-ல் விம்பிள்டன் கால் இறுதி. 1987-ல் ஸிட்னி புல்தரையில் ஆஸ்திரேலியர்களைக் கடைசி ஆட்டத்தில் வென்று இந்தியாவை மறுபடி டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவரும் அவரே.

கிருஷ்ணன் சிறுவர் பட்டம் வென்ற அதே 1954 கோடையில்தான் பீட்டர் தாம்ஸன் என்ற ஆஸ்திரேலியர் முதன் முறையாக ஓப்பன் கோல்ப் போட்டியை வென்றார். மொத்தம் ஐந்து தடவை வென்றவர். அவரும் நீள அடிக்காரர் அல்ல. தரையில் உருட்டுவதில் மன்னர். 1964-ல் டெல்லியில் முதல் இந்திய ஓப்பன் கோல்ப் போட்டி நடந்தபோது வென்றவரும் அவரே. ஒரே கோத்திரம் என்று அத்தான் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று.

*

ஆனால் சகோதரிகளே, குழந்தைகளுக்குப் பாதி உண்மையைச் சொல்லி உற்சாகப்படுத்தக் கூடாது. அத்தானும் அப்படிச் செய்யவில்லை.

"உன் வாத்தியார் சொன்னது முழுப் பொய்யும் இல்லை மக்கா" என்றார். இன்று பெரும்பாலான போட்டிகள் கெட்டித் தரையில் நடக்கின்றன. விம்பிள்டனிலேயே 2001 முதல் ஒரே வகைப் புல்லை விதைத்துத் தரையையும் கெட்டியாக்கிவிட்டார்கள். பந்து முன்னைவிடச் சீராக, சற்று உயர எழும்புகிறது. வலைக்கு ஓடிவந்து ஆடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பின்னாலிருந்து பலமாக அடிப்பவர்கள் காலம் இது. ஆகவே நயம் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்வதற்கில்லை.

சின்னவள் முகம் வாடிற்று. அத்தான் தொடர்ந்தார்: "பலத்தை நாலு வருஷத்திலே சேத்துக்கலாம். வயசு அதைத் தானாக் கொண்டுவரும். ஓட்டமும் சாப்பாடும் மிச்சத்தைக் கொண்டுவரும். ஆனால் பந்து எப்படி எழும்பும்னு முன்னாடியே தெரியுதே உனக்கு, அதை எந்தக் கடையிலே வாங்குவே? இல்லாததை அவர் சொன்னார். இருக்கிறதை நான் சொல்லுகேன். ரெண்டையும் கேட்டுட்டு நீயே முடிவு செய். விடுகதுன்னா சந்தோஷமா விடு. அழுதுட்டு விடாதே."

அன்று மாலை சங்குத்துறைக்குப் போனோம். காற்றென்றால் அப்படிக் காற்று! அக்காள் முந்தானையைப் பிடிப்பாளா, சுண்டல் பொட்டலத்தைப் பிடிப்பாளா? அத்தான் ஒரு பழைய டென்னிஸ் பந்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, எதிர்காற்றில் பேத்தியிடம் எறிந்தார். அவளும் திருப்பி எறிந்தாள். உயர எறிந்தது பின்னாலேயே வந்து விழுந்தது. இரண்டாவது தடவை குனிந்து, ஈர மணலை ஒட்டித் தாழ்வாக விட்டாள். பந்து காற்றுக்கு அடியிலே புகுந்து ஓடி அத்தானின் காலடியில் நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தான் என்னைப் பார்த்தார். நான் அக்காளைப் பார்த்தேன். அக்காள் ஒன்றும் சொல்லாமல் சுண்டலைப் பிரித்தாள்.

மறுநாள் விடியற்காலையில் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். பரணுக்கு ஏணி சாத்தி ஏறி நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? சின்னவள் அல்ல. அறுபத்தெட்டு வயது என் தமக்கை! கையிலே மட்டை, மட்டையிலே ஒட்டடை.

"விழுந்து வைக்காதே அக்கா!" என்று பதறினேன்.

"ஒண்ணும் பேசாண்டாம். ஏணியைப் பிடிட்டீ" என்றாள். "வெயிலுக்கு ஒரு தொப்பி மட்டும் வாங்கணும் கேட்டியா."

சின்னவள் மறுபடி ஆடப்போகிறாள். ஜெயிப்பாளோ, தோற்பாளோ, எனக்குத் தெரியாது. அடுத்த தேர்விலும் பெயர் வராமல் போகலாம். அதற்காக இன்னொரு முறை பரண்மேல் ஏற அக்காளுக்கு முழங்கால் இடங்கொடுக்காது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். பாட்டில் சாரீரம் சிறிது என்றோ, கணக்கில் வேகம் போதாது என்றோ யாராவது சொல்லி அனுப்பியிருக்கலாம். சொன்னவர்மேல் கோபிக்க வேண்டாம். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அதை அந்தக் குழந்தையின் காதிலே போடுங்கள்.

முற்றத்திலே அருகம்புல் முளைத்திருந்தால், முழுவதையும் சிமெண்டு போட்டு மூடிவிடாதீர்கள். பிள்ளையாருக்கும் ஆகும், பிள்ளைகளுக்கும் ஆகும்.

ஏத்தன்காய் சிப்ஸ் டப்பாவில் அடைத்தாகிவிட்டது. நாளை ரெயில் ஏறுகிறேன். அடுத்த வாரம் சென்னையிலிருந்து பேசுவோம்.